பத்தாயிரம் தொன்னுக்குள் ஒரு கப்பல்

கல்கிசைக் கடற்கரையில் மாலை வேளையிலே நின்று மேற்றிசையை நோக்குவோர், கொழும்புத் துறைமுகத்தை நாடிவரும் கப்பல்கள் அடிவானத்தில் மெல்ல ஊர்ந்து செல்வதைக் காண்பர். கடற்காற்று வாங்க வருவோரிற் பலருக்கு அது கண்ணுக்கினிய காட்சி; அவ்வளவே. எமக்கோ அக்காட்சி ஒரு பழைய கேள்வியை ஞாபகமூட்டுகின்றது. அக்கேள்வியைக் கேட்டவர் எமது பாட்டனார்.

அவர் வாலிபராயிருந்த காலத்திற் கொட்டாஞ்சேனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையிலே கணக்கெழுதிக்கொண்டிருந்தார். துறைமுகம் அண்மையில் இருந்தமையால், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அங்கு நிற்கும் கப்பல்களைப் பார்த்து வருவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத் தொடக்கத்தில் அங்கே கண்ட யுத்தக் கப்பலொன்றை அவர் தம் இறுதிக் காலம்வரை மறந்தாரல்லர். மூன்று புகைபோக்கிகள், கோட்டைச் சுவர்போல் உயர்ந்த பக்கங்கள், இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருந்த எட்டுப் பெரும் பீரங்கிகள். உயிர்த்த ஞாயிறன்று காலையில் நகரத்தின்மீது குண்டு வீழ்ந்தது. பின்னர், அக்கப்பலும் அதன் துணைக் கப்பலொன்றும் நடுக்கடலில் அமிழ்ந்துபோயின என்ற செய்தி கடைத்தெருவிற் பரவியது. "அவ்வளவு பெரிய கப்பல் எப்படித் தம்பி தாண்டது?" என்று எமது சிறுபிராயத்தில் அவர் எம்மை வினவுவார். தமக்கு விடை தெரியாத கேள்வியைப் பேரனிடம் கேட்டு வைப்பது முதியோர் வழக்கம் போலும்.

சென்ற பாடசாலை விடுமுறையில் அக்கேள்வியை நாம் வேறிருவரிடம் ஒப்படைத்தோம். அவர்கள் வெள்ளவத்தையில் வசிப்பவர்கள்; உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் மாணவர்கள். கடற்கரையில் எம்மோடு உலாவிய வேளையில் அவர்களுள் ஒருவன் சிறிதும் தயங்காது, "பிழையாகக் கட்டியிருப்பார்கள், சேர். நாங்கள் கட்டினால் தாழாது" என்றான். "நல்லது, கட்டிப் பாருங்கள்" என்றோம்.

நடந்தது என்ன?

முதலில் நடந்ததைக் கூறிவிடுதல் முறை. பாட்டனார் கண்ட கப்பல் 'டோர்செற்ஷயர்' என்பது எமது துணிபு. ஆங்கிலக் கடற்படையினர் அதனைக் கனரகக் குரூசர் என்னும் வகையிற் சேர்த்திருந்தனர். அதன் துணைக் கப்பல் 'கோர்ண்வால்'. முன்னது 1930ஆம் ஆண்டிலும் பின்னது 1928ஆம் ஆண்டிலும் கட்டி முடிக்கப்பட்டவை. இரண்டும் புகழ் பெற்றவை. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜெர்மனியரின் 'பின்குவின்' என்ற கொள்ளைக் கப்பலைக் கோர்ண்வால் இந்து சமுத்திரத்தில் அழித்தது. அதே மாதத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்திற் 'பிஸ்மார்க்' என்ற மாபெரும் போர்க்கப்பலை இறுதியாக டோர்ப்பிடோவினால் தாக்கியது டோர்செற்ஷயர்.

1942 ஏப்ரில் 4ஆம் நாள், கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட ரோந்து விமானமொன்று, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் யப்பானியப் படை இலங்கையை நெருங்குவதைக் கண்டு அறிவித்தது. அன்றிரவே இரு குரூசர்களும் கொழும்பை விட்டு வெளியேறின. மறுநாட் காலையில் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. எமது அயலூராகிய இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் போர் விமானங்கள் எழுந்து அவற்றை எதிர்த்தன. தென்மேற்கே வெகுதூரத்திற் சென்றுகொண்டிருந்த இரு குரூசர்களையும் 'தோனே' என்ற யப்பானியக் குரூசரின் வேவு விமானம் கண்டுவிட்டது. ஐம்பத்துமூன்று விமானங்கள் வந்து, தலைக்கு நேரே பாய்ந்து குண்டெறிந்தன. டோர்செற்ஷயர் ஏறக்குறைய எட்டே நிமிடத்தில் அமிழ்ந்தது. சிறிது நேரத்திற் கோர்ண்வாலும் அதனைப் பின்தொடர்ந்தது. நானூற்றிருபத்து நால்வர் மாண்டனர். 1,122 பேர் ஏறத்தாழ முப்பது மணி நேரம் கடலிற் கிடந்து, மறுநாள் மாலையில் மீட்கப்பட்டனர்.

காகிதத்தில் இட்ட எல்லை

கப்பல் கட்டப் புகுந்த மாணவருக்கு நாம் ஒரேயொரு நிபந்தனை விதித்தோம். 1922ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் வோஷிங்டனிற் கைச்சாத்திடப்பட்ட கடற்படை உடன்படிக்கையை மீறலாகாது என்பதே அது. பிரித்தானியா, அமெரிக்கா, யப்பான், பிரான்சு, இத்தாலி ஆகிய ஐந்து நாடுகள் அதிற் கையொப்பமிட்டன. போட்டியிட்டுக்கொண்டு கப்பல் கட்டிப் பொக்கிஷத்தைக் காலியாக்குவதை நிறுத்துதல் அதன் நோக்கம். அவ்வுடன்படிக்கையின்படி எந்தக் குரூசரும் பத்தாயிரம் தொன்னுக்கு மேற்படலாகாது. அதன் பீரங்கி வாய் எட்டு அங்குலத்துக்கு மிகலாகாது. இங்கே தொன் என்பது 2,240 இறாத்தல். கப்பல், ஆட்கள், வெடிமருந்து, உணவு யாவும் அந்நிறையிற் சேரும். எரிபொருள் சேராது.

உச்சவரம்பு என்று விதித்ததை எல்லா நாடுகளும் உடனே குறைந்தபட்சமாக ஆக்கிக்கொண்டன என்பது வேடிக்கை. பத்தாயிரம் தொன் கட்டலாம் என்றால், ஒன்பதாயிரத்திற் கட்டுவார் யார்?

மாணவர் இதற்குப் பயன்படுத்தியது 'ஸ்பிறிங்ஷார்ப்' என்னும் இலவசக் கணினி மென்பொருள். நீராவிக் காலத்துப் போர்க்கப்பலொன்றின் நீளம், அகலம், அமிழும் ஆழம், பீரங்கிகள், கவசத்தின் தடிப்பு, வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால், நிறை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதையும், உடல் தாங்குமா, கப்பல் கவிழுமா, கடலலைக்கு ஈடுகொடுக்குமா என்பவற்றையும் அது அறிக்கையாகத் தரும். எமது வீட்டு மேசைக் கணினியின் முன் இருவரும் அமர்ந்தனர். தம் கற்பனைக் கப்பலுக்குக் கடற்காவற் தெய்வத்தின் பெயரால் 'மணிமேகலை' என்று நாமகரணமுஞ் செய்தனர்.

மணிமேகலையின் சங்கடங்கள்

முதல் நாள் மணிமேகலைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எட்டங்குலப் பீரங்கிகள் ஒன்பது, பக்கங்களில் ஐந்தங்குலக் கவசம், மேற்றளத்தில் மூன்றங்குலம், வேகமோ மணிக்கு முப்பத்துநான்கரைக் கடல்மைல். பொத்தானை அழுத்தியதும் எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன. உடல் வலுப் போதாது. கவிழும் அபாயம் மிகுதி. இருவர் முகமும் வாடிவிட்டன.

கணினி சொல்வதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம், காகிதத்திலே கணித்துப் பாருங்கள் என்றோம். மாணவ வாசகரும் எம்மோடு கணிக்கலாம். ஒரு கன மீற்றர் உருக்கு ஏறத்தாழ 7.85 மெற்றிக் தொன் நிறையுடையது. கப்பலின் நடுப்பகுதியை மாத்திரம் காப்பதற்கு நூறு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் உயரமுமாக இரு பக்கமும் நான்கங்குலக் கவசம் பொருத்துவோமாயின், அதன் நிறை உடன்படிக்கைத் தொன்னில் ஏறக்குறைய 630. ஐந்தங்குலமாயின் எண்ணூறை எட்டும். இனி, அதே நூறு மீற்றர் நீளத்துக்குப் பதினெட்டு மீற்றர் அகலமான மேற்றளத்தில் மூன்றங்குலம் பரப்புவோமாயின், ஏறக்குறைய 1,060 தொன். பக்கத்தைக் காப்பதிலும் தலையைக் காப்பதற்கே செலவு அதிகம்!

நிறையோடு கதை முடியவில்லை. அந்நிறை எங்கே இருக்கின்றது என்பதும் முக்கியம். ஓடத்தில் அமர்ந்திருப்பவன் எழுந்து நின்றால் ஓடம் தள்ளாடுவதை நாமறிவோம். உயரத்திலுள்ள தளத்தில் ஆயிரம் தொன் உருக்கை வைத்தால் கப்பலும் அவ்வாறே தள்ளாடும். அதற்கு ஈடாக அகலத்தைக் கூட்டினால் நீரின் எதிர்ப்பு மிகுந்து வேகங் குறையும். வேகத்தை மீட்க எந்திரத்தைப் பெருப்பித்தால் நிறை மறுபடியும் ஏறும். வேகத்தின் விலையோ மிகக் கொடிது. வேண்டிய வலு, பருமட்டாக, வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வளரும். முப்பத்தொன்றரைக் கடல்மைல் ஓடுவதற்குக் கோர்ண்வாலுக்கு எண்பதினாயிரம் பரிவலு வேண்டியிருந்தது. அதனை முப்பத்துநான்கரையாக்க, இக்கணக்கின்படியே ஒரு லட்சத்து ஐயாயிரம் வேண்டும். மூன்று கடல்மைலுக்கு முப்பது வீதம் மேலதிகச் செலவு.

தேநீர் கொண்டுவந்த எமது இல்லாள் சிறிது நேரம் திரையைப் பார்த்து நின்றாள். "இது எங்கள் வீட்டு மாதச் செலவுப் பட்டியல்தானே, தம்பிமாரே? சம்பளம் கூடாது, ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறைக்கத்தானே வேண்டும்" என்று கூறிச் சென்றாள். ஒரு வாரகாலம் நாம் உபதேசிக்க முயன்ற தத்துவம் அதுவே.

ஐந்து நாடுகள், ஐந்து விடைகள்

இப்போது மாணவருக்கு வேறொரு ஆசை பிறந்தது. உண்மையிற் கட்டியோர் இச்சங்கடத்தை எவ்வாறு தீர்த்தனர்? தேடிப் பார்த்தபோது, ஒரே வினாத்தாளுக்கு ஐந்து விதமாக விடை எழுதப்பட்டிருந்தமை தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர் 'டியூக்கேன்' வகையில் வேகத்தைத் தேடினர். கவசம் பெயருக்கே இருந்தது. அமெரிக்கர் 'பென்சகோலா'விற் பத்துப் பீரங்கிகளை ஏற்றினர். இத்தாலியர் முதலில் வேகத்தை விரும்பி, பின்னர் 'சாரா' வகையிற் பதினைந்து சென்றிமீற்றர்ப் பக்கக் கவசம் வைத்தனர். ஆயின் எல்லையைத் தாண்டிவிட்டனர். யப்பானியரோ 'மியோக்கோ' வகையிற் பத்துப் பீரங்கிகள், நாலங்குலக் கவசம், முப்பத்தைந்து கடல்மைல் வேகம் யாவற்றையும் பெற்றனர். மாணவர் வியந்தனர். அதன் இரகசியம் எளியது: கப்பல் ஏறத்தாழ ஆயிரம் தொன் மிகையாக இருந்தது.

எடையை ஏமாற்றலாம், கடலை ஏமாற்ற முடியாது. சிறிய உடலில் ஆயுதத்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றும் பழக்கத்தினால், 1934ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'தொமோசுரு' என்ற யப்பானிய டோர்ப்பிடோப் படகு புயலிற் கவிழ்ந்தது. அதிலிருந்தோரிற் பெரும்பாலோர் மாண்டனர். அடுத்த ஆண்டு செப்டெம்பரிற் சூறாவளியில் அகப்பட்ட நாசகாரிக் கப்பல்கள் இரண்டின் முகப்பு அறுந்துபோயிற்று. அதன்பின் யப்பானியர் பல கப்பல்களைத் திரும்பத் திருத்தவேண்டி வந்தது.

ஆங்கிலேயரின் விடை எது? அவர்களுக்குச் சமுத்திரந்தோறும் வணிகப் பாதைகளைக் காக்கும் பணி இருந்தது. ஆகவே டோர்செற்ஷயர் வகைக் கப்பல்களுக்கு நீண்ட உடலையும், எந்தக் கடலலைக்கும் நனையாத உயர்ந்த பக்கங்களையும், மூவாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெயையும் கொடுத்தனர். பாட்டனார் வியந்த கோட்டைச் சுவர் அதுவே. அச்சுவரோ மிக மெல்லிய தகடு! வெடிமருந்தறையைச் சுற்றி நல்ல கவசம் உண்டு. ஏனைய இடங்களில் ஓரங்குலம் அல்லது அதனிலும் சற்று மிகுதி. ஆயினும் நிறையைப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, உடன்படிக்கையை நேர்மையாகக் காத்தனர். "அப்படியாயின் பிழையாகக் கட்டவில்லையா, சேர்?" என்றான் முதலிற் பேசியவன். அவன் குரலில் முன்னைய துணிவு இல்லை.

ஒரு மாணவனின் கேள்வி

பத்தாம் நாள் மணிமேகலை தேறினாள். பீரங்கி ஆறு, வேகம் முப்பது, பக்கத்தில் நாலங்குலம், மேற்றளத்தில் இரண்டங்குலம். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. நாமும் மகிழ்ந்தோம். அத்தகைய ஆறு பீரங்கிக் குரூசர் உண்மையாகவே இருந்ததா என்று தேடினோம். இருந்தது. கவசத்தில் மணிமேகலைக்குச் சற்றுக் குறைந்த 'எக்செற்றர்' அதன் பெயர்; 1942 மார்ச் முதலாம் நாள் யாவாக் கடலில் அமிழ்ந்தது.

எங்கள் மகிழ்ச்சி அத்தோடு தணிந்தது. அப்போதுதான், அதுவரை அதிகம் பேசாதிருந்த இரண்டாவது மாணவன் அறிக்கையின் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினான். கப்பலை அமிழ்த்த எத்தனை அடி வேண்டும் என்று கூறும் வரி அது. "சேர், இத்தனை பீரங்கிக் குண்டு, அல்லது இத்தனை டோர்ப்பிடோ என்று போட்டிருக்கிறது. விமானக் குண்டு எத்தனை என்று இல்லையே?"

நாம் சிறிது நேரம் மௌனமாயிருந்தோம். பத்து நாள் எங்கள் கண்ணிற் படாதது அவன் கண்ணிற் பட்டுவிட்டது. 1922ஆம் ஆண்டின் மேதாவிகள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி, எதிரியின் குரூசரைக் கடலில் சந்தித்தால் யாது செய்வது என்பது. அக்கேள்விக்கு அவர்கள் எழுதிய விடை நல்ல விடை. வானத்தையும் அவர்கள் அறவே மறந்தாரல்லர். இக்கப்பல்களின் எட்டங்குலப் பீரங்கிகளை எழுபது பாகை நிமிர்த்தி விமானத்தைச் சுடலாம் என்றும் எண்ணினர். ஆயின் அத்துணைப் பாரமான பீரங்கிக் கோபுரம் விரைந்து திரும்பி விமானத்தைத் தொடர முடியவில்லை. இருபது ஆண்டுகளிற் கடலின் கேள்வி மாறிவிட்டது. எழுதிய விடையோ உருக்காக இறுகிப்போயிருந்தது.

இன்னும் இரண்டு அங்குலம் கவசம் இருந்திருந்தால் என்று எண்ணுவோருக்கு ஒரு சான்று. 1941 டிசெம்பர் 10ஆம் நாள் மலாயாக் கடலில் 'பிறின்ஸ் ஒப் வேல்ஸ்' என்ற போர்க்கப்பல் விமானத் தாக்குதலால் அமிழ்ந்தது. அதன் பக்கக் கவசம் பதினான்கு அங்குலத்துக்கு மேல். வேறொரு சான்று எமது நாட்டுக் கடலிலேயே கிடக்கின்றது. குரூசர்கள் மூழ்கிய நான்காம் நாள், ஏப்ரில் 9இல், மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' அமிழ்ந்தது. அது விமானந்தாங்கிக் கப்பல். ஆனால் அன்று அதன் தளத்தில் விமானம் ஒன்றேனும் இல்லை. கொழும்பு நகரத்துக்கு இரத்மலானை இருந்தது. நடுக்கடலில் நின்ற குரூசர்களுக்குத் தலைக்கு மேல் ஒரு துணையுமில்லை. அந்த நானூற்றிருபத்து நால்வரைக் காத்திருக்கக் கூடியது மணிமேகலையின் இரண்டங்குல உருக்கன்று. வானத்தில் நிற்கும் சில விமானங்கள்.

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று மூவரும் மறுபடியும் கல்கிசைக் கடற்கரைக்குச் சென்றோம். "நாங்கள் கட்டினாலும் தாண்டிருக்கும், சேர்" என்றான் முதல் மாணவன். தன் கூற்றைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவனைக் காண்பதிலும் ஆசிரியனுக்கு வேறு பேறு உண்டோ? கட்டியவர்களை மூடர் என்று எண்ணி அவன் தொடங்கினான். அவர்களுடைய சங்கடத்தைத் தன் கையாலே நிறுத்துப் பார்த்து முடித்தான்.

பாட்டனார் இன்று இல்லை. இருந்திருந்தால், "கப்பல் சிறியதுமன்று, பிழையானதுமன்று, அப்பு, வேறொரு நாளுக்கென்று கட்டப்பட்டது" என்று கூறியிருப்போம். அவர் அவ்விடையை ஏற்றிருப்பாரோ அறியோம். அவ்விடையைக் கேட்டுவிட்டு, கடலிற் கிடந்த பையன்களை யார் எடுத்தார்கள் என்று அடுத்த கேள்வியைத் தொடுத்திருப்பார் என்பது மாத்திரம் நிச்சயம். அதற்கு எம்மிடம் விடை உண்டு: 'என்ரர்பிறைஸ்' என்ற பழைய சிறு குரூசரும், இரண்டு நாசகாரிக் கப்பல்களும்.